ஒரு பொய்க்கு ஒன்பது நிஜம்: கடற்கரையிலிருந்து விஞ்ஞானக் கதை எழுத வருகிறவர்களுக்கு

நான் எழுதிய முதல் கதையில் ஓர் ஆவுளியா பேசும். மண்டபத்துக்கு வடக்கே ஐப்பசி மாதத்து இரவு, அசையாத கடல், ஒற்றை வள்ளம், அதில் ஒரு கிழவர். கடற்பசு தலையைத் தூக்கி, நூறு வருடம் கழித்து இந்தக் கரையில் நடக்கப்போவதை அவருக்குச் சொல்லும். எழுதி முடித்த சூட்டோடு பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கதைப் புத்தகம் பக்கம் போகாதவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏத்தா, ஐப்பசியில வடகடல்ல எவன் வள்ளத்த எறக்குவான்?" என்றார்.

ஆவுளியா பேசியதை அவர் ஒத்துக்கொண்டார். காற்றைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல், கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாவான தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ். கடல் மாறும்போது படகுகளும் கரை மாறும். இது எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தபோது மட்டும் மறந்துபோயிருக்கிறது.

நான் மண்டபம் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை ஏழு கதைகள் வெளிவந்திருக்கின்றன, ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. வழிகாட்டி எழுதும் அளவுக்குப் பெரிய ஆள் இல்லைதான். ஆனால் பெரிய ஆட்களுக்கு ஆரம்பகாலச் சில்லறைத் தொல்லைகள் மறந்துபோயிருக்கும். எனக்கு அவை இன்னும் பச்சையாக இருக்கின்றன. விஞ்ஞானக் கதையோ மாயக் கதையோ எழுத ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, நான் செய்த வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

படிப்பு: சுருக்கமாக

படிக்காமல் எழுத முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: இந்த வகையில் இன்றைக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிந்தால் போதும். கிளார்க்ஸ்வேர்ல்டு, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், லைட்ஸ்பீடு போன்ற இதழ்களின் கதைகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். தமிழில் அரூ இதழ் இந்த வகைக்கு இடம் கொடுப்பதோடு அறிவியல் சிறுகதைக்கென்றே போட்டியும் நடத்தியிருக்கிறது. அதில் வந்த கதைகளைத் தேடிப் படியுங்கள். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் 'மனிதனைக் காதலித்த ரோபோ' எத்தனை பேரைக் காதலித்து முடித்துவிட்டது என்று தெரியவரும்.

கதையை மட்டும் படிக்காதீர்கள். கடல், மீன், பாசி, காற்று பற்றிய கட்டுரைகளையும் படியுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1971 வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது. இன்றும் அதன் மண்டல மையம் இங்கே இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட அறிக்கைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நடை வறட்சியாக இருக்கும். ஆனால் ஒரு பத்தியில் ஒரு கதை கிடைக்கும்.

நிஜங்களைச் சேர்ப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

விஞ்ஞானக் கதையில் ஒரு பெரிய பொய் இருக்கும். காலத்தில் பின்னோக்கிப் போகலாம், மீன் பேசும், தீவு பறக்கும். வாசகர் அந்தப் பொய்க்குச் சம்மதித்துத்தான் கதைக்குள் வருகிறார். ஆனால் ஒன்றுக்குத்தான் சம்மதித்திருக்கிறார். சுற்றியுள்ள சின்ன விஷயங்களிலும் பொய் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவார். பெரியப்பா மூடியது அப்படித்தான். அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்தேன்: ஒரு பொய்க்கு ஒன்பது நிஜம். ஒன்பது என்பது கணக்கு இல்லை, வாய்க்கு வந்த எண். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் நினைவில் இருந்திருக்கலாம்.

நம்மில் பலர் இந்த நிஜங்களை வெளிநாட்டுக் கதைகளிலிருந்து கடன் வாங்கிவிடுகிறோம். என் இரண்டாவது கதையில் தினமும் கடல் ஒரு மைல் வற்றி, தரை தெரிந்து, அதில் நாயகி நடந்து போவாள். எங்கோ வடக்குத் தேசத்துக் கடலைப் படித்த கோளாறு. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே கடல் திடீரென உள்வாங்கிப் படகுகள் தரைதட்டி நிற்பதைப் பார்க்கிறோமே, அதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. இன்னொரு கதையில் அந்தி ஒரு மணி நேரம் நீடித்தது. நாம் இருப்பது ஏறத்தாழ 9 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் விழுந்தால் டீ ஆறுவதற்குள் இருட்டிவிடும்.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். அதில் கதைக்கரு எதையும் எழுதாதீர்கள். பார்த்ததை, கேட்டதை மட்டும் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து சில:

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. கப்பல் வரும்போது நடுவில் இரண்டு கைகள் போல விரியும். விரித்தது இயந்திரம் இல்லை, ஆட்கள். நெம்புகோல் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது, மின்சாரத்தில். புதுப் பாலத்தைப் பார்த்து வியந்து எழுதினால் அது செய்தி. நெம்புகோல் சுற்றிய ஆளின் தோள்பட்டை இப்போது என்ன செய்கிறது என்று கேட்டால் அதிலிருந்து விஞ்ஞானக் கதை தொடங்கலாம்.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், 2016. பலகைகளில் படியும் தூசியைத் துடைக்க ரோபோக்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு அலைந்த ஊர்ப் பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில், சூரிய ஒளியில் தானே மின்னேற்றிக்கொண்டு தூசி துடைக்கும் ரோபோ. இதற்கு மேல் கற்பனை எதற்கு?

ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உறைவது உப்புக் கரைசல் தொட்டியில். தண்ணீர் நிரப்பிய கேன்களை அதற்குள் இறக்குவார்கள். கேன் தண்ணீர் பாறையாகும், சுற்றியுள்ள உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாது. குளிரூட்டுவது அமோனியா. கசிந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிரூட்டும் குழாய்களில் ஓடுவதும் அமோனியாதான் என்று ஒருநாள் படித்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருடமாக நான் முகர்ந்த நாற்றம் தலைக்கு மேலே நானூறு கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறது! விண்வெளி வீராங்கனை ஒருத்திக்கு அமோனியா வாடை வரும் காட்சியை எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் எழுதினேன். அதுதான் எனக்கு முதலில் அச்சான கதை.

உங்கள் வேலையில் என்ன நாற்றம் இருக்கிறது என்று பாருங்கள். கருவாட்டுக் கொட்டகை, உப்பளம், படகு கட்டும் பட்டறை, மொபைல் கடை, பனங்காடு, எதுவாக இருந்தாலும் சரி.

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு வேண்டுகோள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலும், கடலில் போன ரயிலும், இடிந்த தேவாலயமும் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கரையிலிருந்து எழுத வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் எழுதுவது அந்த ரயில் ஆவியாகத் திரும்பி வரும் கதை. நானும் எழுதினேன், கிழித்தேன். அந்த ரயிலில் போனவர்களுக்கு உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மணலில் இன்றும் குடிசை போட்டு மீன்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசாமல் அங்கே பேய் விடாதீர்கள். சேதுக்கரை, ஏர்வாடி போன்ற இடங்களுக்கும் இதுவே. மக்கள் கும்பிடும் இடம் நமக்கு மேடை அலங்காரம் ஆகிவிடக் கூடாது.

பொய்யை இறக்குவது

இப்போது ஒரு கதையைச் சேர்ந்து கட்டிப் பார்ப்போம். இது நான் எழுதாத கதை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் தீவுகள் 21 என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். தண்ணீருக்கு மேலே எண்ணினால் 19 தான். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது முக்கியக் காரணம். ஆனால் காகிதத்தில் இன்னும் 21.

பொய்: பூவரசன்பட்டி ஓர் இரவில் திரும்ப மேலே வந்துவிடுகிறது.

இங்கே புதியவர் என்ன செய்வார்? சென்னையிலிருந்து ஒரு விஞ்ஞானியை ஹெலிகாப்டரில் இறக்குவார். பொறுங்கள். முதலில் யார் பார்ப்பார்கள்? விடிகாலையில் அந்தக் கடலில் இருப்பவர்கள் பாசி எடுக்கும் அக்காமார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தட்டுக் கட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். தீவுப் பக்கம் போகக் கூடாது என்று அவர்களுக்குத் தடை உண்டு. வனத்துறைப் படகு வந்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இப்போது அவர்கள் முன்னால் நேற்று இல்லாத தரை. இதற்குத் தடை உண்டா இல்லையா? பட்டியலில் இருக்கிறது, ஆகவே உண்டு. மூழ்கிக் கிடந்த காலம் முழுக்க இருந்த தடை அது. காகிதத்தைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

பாருங்கள், கதை தானாக நகர ஆரம்பித்துவிட்டது. தீவு எப்படி மேலே வந்தது என்று நான் இன்னும் யோசிக்கவே இல்லை. அதை யோசிக்காமல் விடவும் முடியாது. பவளம் வருடத்துக்கு எவ்வளவு வளரும், இரவில் வளர வைத்தது எது என்று உங்களுக்குள் ஒரு பதில் வேண்டும். ஆனால் அந்தப் பதிலை முதல் பக்கத்தில் பாடம் நடத்த வேண்டாம். அக்காமார்கள் எவ்வளவு கேட்பார்களோ அவ்வளவு சொன்னால் போதும்.

மாயக் கதை எழுதுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மந்திரத்துக்கு விலை இருக்க வேண்டும். ஆவுளியாவிடம் கேள்வி கேட்கலாம் என்றால், ஒரு கேள்விக்கு என்ன போகும்? ஒரு நாள் மீன்பாடா, ஒரு பெயரா, ஒரு பல்லா? விலை இல்லாத மந்திரம் இலவச மிக்சி மாதிரி, ஓரமாகக் கிடக்கும்.

சொற்கள்

கலைச்சொல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. படகில் இருக்கும் ஆள் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், இன்ஜின் என்றுதான் சொல்வார். அவர் வாயில் 'புவியிடங்காட்டி'யை வைத்தால் அவர் படகிலிருந்து குதித்துவிடுவார். அதே நேரம், நீங்கள் உண்டாக்கும் உலகத்துக்குப் புதுச்சொல் வேண்டுமென்றால் ஆங்கிலத்தை மொழிபெயர்க்காமல் நம் கடல்சொல்லில் இருந்து பிறக்கச் செய்யலாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு நாலு திசையிலும் பெயர் வைத்த மொழி இது. சங்கு குளிக்கிறவர்கள் தண்ணீரைக் கலங்கல், தெளிவு என்று பிரிப்பார்கள். முத்து விளையும் திட்டுக்குப் பார் என்று பெயர். விண்கற்கள் கூட்டமாகக் கிடக்கும் இடத்தை நான் ஒரு கதையில் 'பார்' என்றே எழுதினேன்; ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.

எழுதும் நேரம்

எழுத்தாளர் வாழ்க்கை என்றால் ஜன்னலோர மேசை, மழை, காப்பி என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வந்து லேப்டாப்பின் கீலைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்தில் மூன்று எழுத்துச்சாவிகள் செத்துப்போயின. அவற்றில் ஒன்று 'க'. பயன்படுத்தாத நேரம் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ஐஸ் போகாது, கம்பெனியில் வேலை பாதியாகும், சம்பளமும்தான். என் பெரிய கதைகள் எல்லாம் அந்த நாட்களில் எழுதியவை. மீதி மாதங்களில் தினமும் இருநூறு முந்நூறு சொல், பஸ்ஸில் போனில். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு தடைக்காலம் இருக்கும். எது என்று பார்த்து, அதில் முதல் பிரதியை முடிக்கப் பாருங்கள். திருத்தத்தைத் துண்டுதுண்டான நேரத்திலும் செய்துகொள்ளலாம். முதல் பிரதி தொடர்ச்சியாக உட்காராமல் முடிவதில்லை, எனக்கு.

போன் கதை. ஒருமுறை தொட்டி ஓரம் நின்று கணக்குச் சரிபார்க்கும்போது என் போன் உப்புக் கரைசலுக்குள் விழுந்தது. ஒன்பதாயிரம் சொல் உள்ளே இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. மீண்டும் எழுதியதில் முன்பைவிட நன்றாக வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. அன்று முதல் தினமும் எழுதியதை எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்தால் வாங்குகிறவர் திரையில் கட்டங்கட்டமாகத் தெரியும், அவர் உங்களைக் கேட்கமாட்டார், அழித்துவிடுவார். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும். குரலில் சொல்லி எழுத வைப்பது உரையாடலுக்கு நன்றாக உதவுகிறது, ஆனால் நம் பேச்சு அதற்குப் பாதிதான் புரியும். 'ஏத்தா' என்றால் 'ஏற்றார்' என்று போடும். எழுதியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.

மூன்று பேர்

அமெரிக்காவில் கிளாரியன் என்று ஒரு பட்டறை 1968 முதல் நடக்கிறது. ஆறு வாரம் தங்கி எழுதி, ஒருவர் கதையை மற்றவர் அலசுவார்கள். நமக்கு விசாவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, கடைசியில் நன்றி சொல்ல மட்டும் திறக்கலாம். இந்த மௌனம் எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் வட்டத்தில் மூன்று பேர். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு படகு மெக்கானிக் அண்ணன், நான். ஞாயிறு மாலை கடற்கரையில் கூடுவோம். ஆசிரியை ஒற்றுப்பிழை பார்ப்பார். மெக்கானிக் அண்ணன் விஞ்ஞானக் கதை படித்தவரே இல்லை, ஆனால் உபயோகமான கேள்விகள் அவரிடமிருந்துதான் வரும். என் விண்கலம் மூன்று பக்கம் நடுவெளியில் நின்று எல்லோரும் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, ஒருத்தர்கூட டேங்க்க எட்டிப் பாக்கலையே" என்றார். அந்த மூன்று பக்கமும் போனது. உங்கள் வட்டத்திலும் இப்படிக் கைத்தொழில் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். புகழ மட்டும் தெரிந்த சொந்தக்காரர்களை அன்போடு தள்ளி வையுங்கள்.

அனுப்புவது

முடித்த கதையை ஒரு வாரம் ஆறப்போட்டு, திருத்தி, அனுப்புங்கள். ஆறு மாதம் மெருகேற்றுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் பயப்படுகிறவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விஞ்ஞான, மாயக் கதைகளுக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதுக் கணக்கில் 7,500 சொல்லுக்குக் கீழே சிறுகதை. அதற்கு மேல் 17,500 வரை ஒரு பிரிவு, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். தமிழ் இதழ்கள் கேட்பது வேறு. ஒவ்வொன்றும் தன் அறிவிப்பில் சொல்லியிருக்கும், அதை இரண்டு தடவை படியுங்கள்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் அனுமதித்தால் ஒழிய. பல போட்டிகள் எங்கும் வெளிவராத கதைதான் கேட்கும். உங்கள் முகநூலில் போட்டது, கிண்டிலில் ஏற்றியது எல்லாம் வெளிவந்ததாகவே கணக்கு. ஆசைப்பட்டு நாலு பேருக்குக் காட்ட வேண்டுமென்றால் தனியாக அனுப்புங்கள். கூடவே எழுதும் கடிதம் நான்கு வரி போதும்: கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, இதற்குமுன் எங்கும் வெளிவரவில்லை என்ற உறுதி, உங்கள் பெயர். கதைச்சுருக்கமும் உங்கள் கஷ்டமும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுத முடிந்தவர்களுக்கு, அல்லது நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தவர்களுக்கு, வெளி இதழ்கள் உண்டு. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறை விகிதம் என்று வைத்திருப்பது ஒரு சொல்லுக்கு 8 சென்ட். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸின் துணை இதழாக 2017-இல் தொடங்கிய சமோவார் மொழிபெயர்ப்புக் கதைகளுக்கானது. மூலமொழியையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். அங்கே தமிழ் எழுத்தைப் பார்க்க எனக்கு ஆசை. என் கதை ஒன்று இப்போது மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

இயந்திரத்திடம் கதை எழுதச் சொல்லி அனுப்பலாமா என்று ஒரு தம்பி கேட்டார். 2023 பிப்ரவரியில் அப்படி எழுதி வந்து குவிந்த கதைகளால் கிளார்க்ஸ்வேர்ல்டு கொஞ்ச நாள் வாசலையே சாத்த வேண்டியதாயிற்று. இப்போது பல இதழ்கள் அதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. அது கிடக்கட்டும், அமோனியா நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது நான். அதை வேறு யாரிடம் கொடுத்து எழுதச் சொல்வேன்?

அனுப்பியதை நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள்: கதை, எங்கே, எந்தத் தேதி, என்ன பதில். என் நோட்டில் இதுவரை 31 மறுப்பு. ஐந்தாவது வரை அழுதேன். அதற்குப் பிறகு, வந்த அன்றே அடுத்த இடத்துக்கு அனுப்புவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தால் அது பெரிய விஷயம், யாரோ முழுதும் படித்திருக்கிறார். அவர்களோடு வாதாடாதீர்கள். பதிலே வராத இடங்களும் உண்டு. ஓர் இதழில் என் கதை பதினான்கு மாதம் கிடந்தது. அவர்கள் சொன்ன கெடு முடிந்தபின் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், பிறகு திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு வேறிடம் பாருங்கள்.

பணம்

எழுத்தாளர் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு பதிப்பாளர் என் கதைகளைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, முந்நூறு பிரதிக்கு நான் பணம் கட்டினால் உடனே அச்சு என்றார். என் மூன்று மாதச் சம்பளம் அது. வாங்கிய பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். உங்கள் காசில் போடுவதென்றால் தெரிந்தே போடுங்கள்; கிண்டிலில் தமிழிலேயே நீங்களாக ஏற்றலாம், அதற்குச் செலவில்லை.

பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுடையது. 1957 சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை. நீங்கள் இருக்கும்வரையும், அதற்குப்பின் 60 வருடமும் அது நீடிக்கும். இதழுக்குக் கொடுக்கும்போது முதல் முறை வெளியிடும் உரிமை மட்டும் கொடுக்கிறீர்களா, மொத்தமும் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் கோபிக்கவில்லை.

வருமானம்? ஏழு கதைகளில் மூன்றுக்குப் பணம் வந்தது. மற்ற நான்குக்கு இதழ்ப் பிரதி ஒன்று, சிலசமயம் அதுவும் இல்லை. வேலையை விட்டுவிடாதீர்கள். அமோனியா கதைக்கு வந்த பணத்தில் போனுக்குத் தண்ணீர் புகாத உறை ஒன்று வாங்கினேன். மிச்சத்துக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் டீயும் வடையும். எதற்கு என்று கேட்டார்கள், ஒரு கதைக்கு என்றேன். ஐஸ் உடைக்கும் தாத்தா வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதையில் கேஸ் கசிஞ்சப்ப வால்வை அடைத்தது யார் என்று கேட்டார். நான் அதை எழுதவே இல்லை.